செய்வினை

விசாரணைக் கமிஷனின் தட்டச்சர் நீட்டிய தன் வாக்குமூலத்தை முதியோர் இல்லச் செவிலி தமயந்தி மூன்று முறை படித்தாள். ‘தொற்று நீங்காத நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர். கதவு திறக்கப்பட்டது. இல்லத்தில் பன்னிரண்டு முதியவர்கள் இறந்தனர்.’ அந்தப் பன்னிரண்டு பெயர்களும் அவளுக்குக் கட்டில் வரிசைப்படி மனப்பாடம்.

“சார், எல்லாம் செயப்பாட்டுவினையா இருக்கு. செய்வினையா மாத்துங்க.”

“யாருக்கும்மா செய்வினை வைக்கப் போற?” என்று சிரித்தார் அவர்.

மாலைக் கல்லூரியில் படித்த இலக்கணம் சரிதானா என்று அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “அமைச்சர்தான் அனுப்பச் சொன்னார். இல்லத்துக்கு வந்த அவரோட போனை எடுத்தது நான். அப்படியே அடிங்க.”

சிரிப்பு நின்றது. “உன் வேலை போயிடும்மா.”

அவள் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்தாள். வேறு வழியில்லாமல் அவர் அடித்துக் கொடுத்தார். ‘அமைச்சர் அனுப்பச் சொன்னார்’ என்ற வரியைத் தாளில் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“இப்ப போதுமா?”

“அடுத்த வரி இருக்கே சார். கதவு திறக்கப்பட்டதுன்னு.”

“அதை யாரு திறந்தது?”

தமயந்தி பேனாவைத் திறந்தாள். “நான் திறந்தேன்னு அடிங்க.”