இடைவேளை விசில்

லுசாகாவின் அந்த விடுதி நீச்சல் குளத்தில், பள்ளி விடுமுறை நாட்களில் காவல்காரி மோண்டே வைத்ததுதான் சட்டம். இடைவேளைக்கு அவள் விசில் ஊதினால் பிள்ளைகள் கரையேறி, ஜோடியின் கையைப் பிடித்தபடி விளிம்பில் உட்கார்ந்து பன் தின்ன வேண்டும். மறுபடி ஊதியதும் ஜோடியாகவே குதிக்க வேண்டும். அதுவரை பிடித்த கையை விடவே கூடாது.

அன்று சிறுமி பூபே தனியாக வந்திருந்தாள். இடைவேளை விசிலை ஊதிவிட்டு மோண்டே அவளிடம் வந்தாள்.

"வாடி குட்டி, என் கையைப் பிடிச்சுக்கோ."

"வேணாம் ஆன்ட்டி. எனக்கு ஜோடி கிடைச்சாச்சு."

பூபேயின் வலது கை தண்ணீருக்குள் தொங்கியது. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன. அடியிலிருந்த நீல ஓடுகள்வரை தண்ணீர் தெளிவாக இருந்தது, உள்ளே யாருமில்லை.

"கையை வெளிய எடு."

"அவன் விட மாட்டேங்கிறான். நீங்கதானே விடக் கூடாதுன்னீங்க?"

மோண்டே அவளை இடுப்போடு கட்டி இழுத்தாள். பிள்ளை அசையவில்லை.

"ஊதுங்க ஆன்ட்டி! பன்னெல்லாம் தின்னாச்சு!" என்று மற்ற பிள்ளைகள் குதிக்கத் தயாராகக் கத்தினார்கள்.

மோண்டே கழுத்து விசிலைக் கழற்றித் தூர எறிந்தாள்.

பூபே தண்ணீர்ப்பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆன்ட்டி, அவன்கிட்டயும் ஒரு விசில் இருக்காம். ஊதட்டுமான்னு கேக்கிறான்."