மாமாவுக்குப் பொழுது போக

மாமா ஆடிக்கொண்டிருந்தார். அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கப்பலின் மேல்தளம். நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு சின்ன மேடை. ஒலிபெருக்கியில் இந்திப் பாட்டு. ஆடக் கற்றுக்கொடுத்த பெண் இடது கையைத் தூக்க, எல்லோரும் இடது கையைத் தூக்கினார்கள். அவள் மாமனார் அவிநாசியப்பன் மட்டும் வலது கையைத் தூக்கினார். பக்கத்தில் ஆடிய பூனாக்கார அம்மாள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அத்தை போனபிறகு அவர் சிரிப்பதே அபூர்வம்.

சங்ககிரியில் லாரி ஓட்டியவர். வடக்கே பாதி ஊர் அவருக்குத் தெரியும். கடல் மட்டும் தெரியாது.

பாட்டு முடிந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து அவளருகில் உட்கார்ந்தார்.

இப்போது சொல்லிவிடலாம்.

"மாமா, கீழே டம்போலா, அதுதான் நம்பர் கூப்பிடற ஆட்டம், ஆரம்பிக்கப் போறாங்க. போலாங்களா?"

"போலாம் அம்மிணி."

அவள் கணவன் தினகரன்தான் அப்பாவோடு வந்திருக்க வேண்டும். டிக்கெட் எடுத்தவனே அவன்தான். கிளம்பும் சமயத்தில் ஆபீசில் வேலை வந்துவிட்டது என்றான். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது, அப்பாவின் காதில் விழாமல் சொன்னான்.

"கப்பல்லயே சொல்லிரு. நீ சொன்னாக் கேட்பாரு."

கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். நல்ல இடம். தோட்டம் உண்டு, டாக்டர் உண்டு. அறைகூடப் பார்த்து வைத்தாகிவிட்டது. கப்பல் சென்னைக்குத் திரும்பியதும் அங்கே கொண்டுபோய் விட வேண்டியதுதான். அவரிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பேச்சை முதலில் எடுத்தது தினகரன் இல்லை.

அவள்.

ஒருநாள் ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்க கேஸ் வாடை. அடுப்பைத் திருகிவிட்டு, பற்றவைக்க மறந்து, அவர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் திறந்தாள். அவரை எழுப்பினாள். தினகரன் வந்ததும் அறைக்குள் அழைத்துப்போய்ச் சொன்னாள். இனிமேல் என்னால் முடியாது.

கேஸ் வாடை போவதற்குள் சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கப்பல் எந்தக் கரையையும் தொடாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் அவரை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. டம்போலா. மேஜிக். பாட்டுப் போட்டி. துண்டை மடித்து யானை செய்யும் வகுப்பு.

அவர் செய்த யானைக்குத் துதிக்கை நிற்கவே இல்லை.

"நம்ம யானைக்கு வயசாயிருச்சு," என்றார்.

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஒன்று முடியும். இன்னொன்று தொடங்கும்வரை கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்குப் பயம்.

இன்னொன்றும் புரிந்தது. இவரோடு ஒரு நாளைக் கழிப்பது சிரமமே இல்லை.

ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். காலையில் டிபனை மூடி வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மத்தியானம், இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டது. மேல்தளத்தில் ஒன்றும் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.

கண்ணாடிச் சுவரோரம் நாற்காலிகள். அவரும் அவளும். உள்ளேயும் அந்நேரம் ஒன்றும் தொடங்கவில்லை; அவரைக் கூட்டிக்கொண்டு போக ஓரிடமும் இல்லை.

"மாமா..."

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அங்கயும் இப்படித்தான் இருக்குமா அம்மிணி? மணியடிச்சாச் சோறு, சாயங்காலமானாப் பாட்டு?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்தாமப் பேசிட்டிருந்தீங்க. நீ சொன்னதுல தப்பில்லை. எனக்கே என்னை நினைச்சாப் பயமாத்தான் இருக்குது."

"அப்பவே ஏனுங்க மாமா கேக்கலை?"

"கப்பல்ல கேட்டுக்கலாம்னுதான் ஏறுனேன். ஏறுனதுல இருந்து நீ சிரிச்சுட்டே இருந்தே. கெடுக்க மனசு வரலை."

வேட்டியை விலக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். வீங்கியிருந்தது. இத்தனை நாளும் அவள் அதைப் பார்க்கவே இல்லை. அந்தக் காலோடுதான் ஆடியிருக்கிறார்.

ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. மேஜிக்காரர் உள்ளரங்கில் தொடங்கப்போகிறாராம்.

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"வா அம்மிணி, போலாம். தினாகிட்ட, நீ பக்குவமா எடுத்துச் சொன்னேன்னு சொல்லிரு. மாமன் ஒத்துக்கிட்டாருன்னு."

கையை நீட்டினார். அவளைத் தூக்கிவிட.

அவள் எழவில்லை.

"வேண்டாங்க மாமா. உக்காருங்க."

சற்று நேரம் நின்றவர் உட்கார்ந்தார்.

அவரவர் பாட்டுக்கு உள்ளரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பூனாக்கார அம்மாள் தூரத்திலிருந்து கையசைத்தாள். அவர் பதிலுக்குக் கையசைத்தார். பிறகு அங்கே யாருமில்லை.

மழை விட்டது. கண்ணாடியில் நீர் வழிந்து காய்ந்தது.

நெடுநேரம் கழித்து, கடலின் விளிம்பில் சென்னையின் கட்டடங்கள் தெரியத் தொடங்கின.

அவள் பார்த்தாள். அவரும் பார்த்துவிட்டார்.

இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.