எலும்பு சொன்ன பிறந்தநாள்

கண்ணாடித் தட்டில் கையை வைத்தால் எலும்பின் வயது தெரிந்துவிடும் என்று கோவேந்தனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்நிய நாட்டில் குடியிருப்பதற்கான அனுமதியைப் புதுப்பிக்க, காலையிலிருந்து கவுன்ட்டர் கவுன்ட்டராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். எங்கும் மனிதர்கள் இல்லை. ஒரே இயந்திரக் குரல்தான் எல்லா இடத்திலும் சுத்தத் தமிழில் பேசியது.

"பாஸ்போர்ட்டில் உள்ள கோவேந்தன் உங்களைவிட ஒரு வயது மூத்தவர். அவர் எங்கே?"

"அதுவும் நான்தாங்க. அஞ்சு வயசு ஆகலன்னு ஸ்கூல்ல சேத்துக்கல. அப்பா கெஞ்சினதும் ஹெட்மாஸ்டரே ஒரு வருசம் கூட்டிப் போட்டாரு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தாங்க."

"எலும்பு பொய் சொல்லாது. அனுமதி அவருக்கு உரியது. நீங்கள் வேறொருவர்."

மனைவி மணிமொழி போனில் அழைத்தாள்.

"என்னங்க, எனக்கும் பாப்பாவுக்கும் அனுமதி வந்துருச்சு. ஆனா உங்களக் காணோம்னு வருத்தம் தெரிவிச்சிருக்காங்க. யாரோ ஒருத்தர் உங்க பேரச் சொல்லிக்கிட்டு சுத்துறாராம், வீட்டுக்குள்ள விடக் கூடாதாம். பூட்டக்கூட மாத்திட்டாங்க. உள்ளேருந்து என்னாலயே தெறக்க முடியல."

"அந்தாளே நான்தான் மொழி!"

அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

மாலையில் அந்தக் குரல் அவனைக் கடைசிக் கவுன்ட்டருக்கு அனுப்பியது. அது காணாமற்போனவர்களைத் தேடும் பிரிவு. அங்கே அதே குரல் கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டது.

"கோவேந்தன் அவர்களைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?"

இல்லை, நான்தான் என்று மறுபடி சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"ஹெட்மாஸ்டர் ரூம்லங்க," என்றான். "அப்ப அவருக்கு அஞ்சு வயசு. எனக்கு நாலு."