எல்லாருக்கும் வருவதுதான்

திரையில் மஞ்சள் வரிகள் மளமளவென்று ஓடின.

மூல நிரலை இறக்கி நாமே கட்டிக்கொள்கிற இலவச மென்பொருளில் இது சகஜம். சிவப்பு வந்தால் வேலை நின்றுவிடும். மஞ்சள் வெறும் எச்சரிக்கை. எந்நேரமும் தொணதொணக்கிறவன் பேச்சை யார்தான் காதில் வாங்குகிறார்கள்?

இன்று அவன் வாங்கினான். ஒவ்வொரு வரியாக.

சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கான மென்பொருள் அது. கையில் ஒட்டிய சென்சார் சொல்லும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கினாலோ, சென்சார் கழன்றாலோ, மணியடித்துப் பெற்றவர்களைக் கூப்பிடும். இந்த வீட்டில் மணிகூட இல்லை, வாத்துச் சத்தம். மகள் வாலு அடம்பிடித்து வைத்தது.

முகம் தெரியாத ஒரு தாய் இணைய மன்றத்தில் கேட்டிருந்தாள்: 'இந்த ஒப்பீடு எப்போதும் பொய்' என்று ஒரு மஞ்சள் வரி வருகிறது, இதை நம்பி என் மகனுக்கு மாட்டலாமா?

கீழே யாரோ பதில் போட்டிருந்தார்கள்: எல்லாருக்கும் வருவதுதான், கண்டுகொள்ளாதீர்கள்.

காலையில் அதை மனைவிக்குப் படித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தவன், இப்போதுதான் அந்த வரியைப் பிடித்தான்.

சென்சார் கழன்றால் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும். போனதும் மணி அடிக்க வேண்டும். ஆனால் நிரலில் அந்த எண்ணை வைக்கும் இடத்தில், பூச்சியத்துக்குக் கீழே எதுவும் கிடையாது என்று பொருள்படும் ஒரு சொல். அப்புறம் எங்கே அடிக்கும்? சென்சார் கழன்றது ஒருவருக்கும் தெரியாது. சர்க்கரை பாட்டுக்கு இறங்கும். பாவம், நிரலைக் கட்டித்தரும் கம்பைலர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு சொல்லை அழித்தான். மறுபடி கட்டினான். அந்த மஞ்சள் வரி வரவில்லை.

சோதனைக்குப் பூச்சியத்துக்குக் கீழான ஒரு எண்ணைக் கொடுத்தான்.

வாத்து வீடே அதிரக் கத்தியது.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. மனைவி சர்க்கரை டப்பாவும் ஸ்பூனுமாக ஓடிவந்தாள். அவனைத் தாண்டி, நேரே வாலுவின் அறைக்கு.

வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கட்டிலில் மெத்தை, போன வருடம் சுருட்டியபடியே கிடந்தது.

ஐயோ, சத்தத்தைக் குறைத்துவிட்டுச் செய்திருக்கலாமே என்று அவன் திரைப் பக்கம் திரும்பினான்.

மன்றத்தில் அந்தத் தாயின் கேள்விக்கு மேலே, போன வருடத்துக் கேள்வி ஒன்று இருந்தது. அதே மஞ்சள் வரி. அதே பதில். கேட்டவன் அவன்தான்.

வாத்துச் சத்தத்தை நிறுத்தப் போன அவன் கையை மனைவி வந்து பிடித்தாள். சர்க்கரை டப்பாவை இன்னும் கீழே வைக்கவில்லை.

"இருக்கட்டும், கத்தட்டும். நீங்க முதல்ல அந்தம்மாவுக்கு எழுதுங்க."