மஞ்சள் பகுதி

சுகாதார நிலையச் சுவரில் புதிதாக மாட்டிய வரைபடத்தில் எங்கள் மலையடிவாரத்துக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். பேருந்தில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் உப்பளப் பகுதிக்கும் அதே மஞ்சள். "வயசு, படிப்பு, கூலி எல்லாத்துலயும் ரெண்டு பகுதியும் ஒண்ணுதான். அங்க பிரசவத்துல யாரும் சாகறதில்ல. இங்க மட்டும் ஏன் சாகறீங்க? எல்லாம் அலட்சியம்" என்றார் மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி. போன மாதம்தான் மகளைப் பிரசவத்தில் பறிகொடுத்திருந்த பொம்மி மறுநாள் விடிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். உப்பளத்தில், வெடித்த பாதங்களோடு உப்பு வாரிக்கொண்டிருந்த வடிவு என்பவள் எங்கள் ஊரைக் கேட்டதும் நிமிர்ந்தாள். "மலையடிவாரமா? உங்க பக்கம் பிரசவத்துல ஒருத்திகூட சாகலையாம்லா. எங்களுக்குத்தான் அக்கறை இல்லன்னு அந்த ஆபீசரு ஏசிட்டுப் போறாரு. என் தங்கச்சியப் பொதைச்ச மண்ணுகூட இன்னும் காயல."

பொம்மி அவள் கையைப் பிடித்தாள். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பகுதிப் பெண்களும் இருந்தோம். இறங்கி நேராகச் சுகாதார நிலையத்தில் இருந்த அதிகாரியின் அறைக்குப் போனோம். அவர் முகம் முகமாகப் பார்த்தார். "இதுல மலைக்காரங்க யாரு, உப்பளத்துக்காரங்க யாரு?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? சாவு விழாத பகுதி எதுன்னு இப்ப நீங்களே பிரிச்சுக் காட்டுங்க" என்றாள் பொம்மி.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே வடிவு கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தாள்.