பரண் கதவுக்கு ஒரு மோட்டார்

"உன் புருஷன் என்னைப் பரண்ல ஏத்தப் பாக்குறார்டி!"

மகள் ஆஸ்பத்திரியில் இரவு நேர நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "வாய்க்கு வந்ததைப் பேசாதம்மா. பேசாம படு."

படுக்கணுமாம்! எங்கே? குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த அம்மாளுக்கு ஹால் சோபாதான் கட்டில். வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. அது மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்.

மாப்பிள்ளைக்கு மின்விசிறி ரிப்பேர் தொழில். கொஞ்ச நாளாகக் கூரையில் இருக்கும் பரண் கதவோடுதான் குடித்தனம். கடையில் விற்கிற மோட்டார் கட்டுப்படியாகாதாம். கழித்துப் போட்ட காரின் வைப்பர் மோட்டார், ஓட்டை சைக்கிளின் செயின் என்று கண்ட குப்பையையும் கொண்டுவந்து மாட்டினார். ஸ்விட்சைப் போட்டால் கர்ரென்று சத்தம் வரும், கதவு பாதியில் நிற்கும். அதற்கும் மனிதர் பல்லைக் காட்டுவார்.

"தட்டுமுட்டுச் சாமான் போடற இடத்துக்கு எதுக்கு மாப்பிள்ளை மோட்டார்?"

"தேவை இருக்கு அத்தை."

அதோடு விட்டாரா? "மெத்தை எவ்வளவு தடிமனா இருந்தா முதுகு வலிக்காது அத்தை?" என்று கேட்டார். பரணில் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் தாராளமா நீட்டிப் படுக்கலாம். எழுந்தாத்தான் தலை இடிக்கும்" என்று போனில் யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

மறுநாள் கதவு முழுசாகத் திறந்துவிட்டது. மாப்பிள்ளை ஏணியில் நின்றபடியே நீள ஒயரில் தொங்கிய ஸ்விட்சை நீட்டினார்.

"இருட்டுல தடவினாலும் இதை அழுத்த வருதான்னு பாருங்க அத்தை."

அவ்வளவுதான், பொங்கிவிட்டாள்.

"ஏன், கதவையும் நானே திறந்துட்டு நானே ஏறிப் படுத்துக்கணுமா? உடைஞ்ச நாற்காலி, ஓட்டை வாளி, பக்கத்துல நானா? இந்த இடுப்போட ஏணி ஏற முடியுமான்னாவது யோசிச்சீங்களா? வேண்டாம் சாமி. நான் என் வீட்டுக்கே போறேன். விழுந்து கிடந்தாலும் அங்கேயே கிடக்கிறேன்!"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார்.

"உங்களையா? ஐயோ அத்தை, மேல படுக்கப் போறது நான்! சோபா என் உயரத்துக்குப் பத்தாது. ரூமும் கட்டிலும் இனிமே உங்களுக்கு. முன்னாடியே சொன்னா வேண்டவே வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நிப்பீங்கன்னு உங்க பொண்ணுதான் வாயைத் திறக்கக் கூடாதுன்னா."

அந்த அம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அப்போ எனக்கு எதுக்கு ஸ்விட்ச்?"

"ராத்திரி அவ டியூட்டிக்குப் போயிடுவா. பாத்ரூம் போக நீங்க என்னைக் கூப்பிடக் கூச்சப்படுவீங்க. கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை, இடியே விழுந்தாலும் எனக்கு முழிப்பு வராது. இதை ஒரு அழுத்து அழுத்துங்க, போதும்."

கதவின் உள்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் காட்டினார்.

"கதவு திறந்ததும் இது இழுபடும். மறுமுனை என் கால் கட்டைவிரல்ல இருக்கும், அத்தை."