எருமை ஹீரோவான கதை

அந்தக் குட்டிக் குளத்தில் போன வருஷம் ஒரே ஒரு படம்தான் வந்தது. இந்த வருஷம் நாலு. தவளைகள் எல்லாமே நடிக்கப் போய்விட்டதால் படம் பார்க்க எருமை மட்டும்தான் மிச்சம்.

நாலாவது படம் முடிந்ததும் இயக்குநர் தவளை ஓடிவந்தது. "படம் எப்படிண்ணே?"

"இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுக்குது" என்றது எருமை.

தவளைக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைசிவரைக்கும் உட்கார்ந்து பார்த்தீங்களா? அடுத்த படத்துல நீங்கதான் ஹீரோ."

எருமை வெட்கத்தோடு ஒத்துக்கொண்டது.

அந்தப் படம் வெளியான அன்று தியேட்டரில் ஈ காக்கா இல்லை. மறுநாளே வெற்றி விழா வைத்தார்கள். மேடையில் எருமை தனக்குப் போட்ட மாலையைத் தின்றுகொண்டிருக்க, இயக்குநர் தவளை தழுதழுத்தபடி மைக்கைப் பிடித்தது.

"இந்தப் படத்தை இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறை சொல்லலை."